முன்பணம் வாங்கிய கால்கள்

ஊரை விட்டு வெளியே போ, சாதி உன்னை விட்டுவிடும். இதை நம் ஆட்கள் எழுதாத பத்திரிகை இல்லை, பேசாத மேடை இல்லை. கொஞ்ச நாளைக்கு முன்னால் விழுப்புரத்தில் ஒரு கூட்டம். படித்த தோழர் ஒருவர், நல்ல பேச்சாளர், ஒரு படி மேலே போனார். பண்ணை வேலையை உதறிவிட்டுத் தார்ச்சாலை வேலைக்குப் போன தென்னார்க்காட்டு தலித்துகள் சாதியையும் சேர்த்து உதறிவிட்டார்கள், அங்கே அவர்களை யாரும் சாதி கேட்பதில்லை, அது நவீனத் தொழில், கூலி காசாகக் கையில் வருகிறது என்றார். கைதட்டல். நான் தட்டவில்லை. கேள்வி நேரத்தில் கையைத் தூக்கினேன், நேரம் ஆகிவிட்டது என்று உட்காரச் சொன்னார்கள். அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

யாரும் கேட்பதில்லை என்பது உண்மைதான். எதுக்குக் கேட்கணும்? கொதிக்கிற தார் அடுப்புக்கு முன்னால் காலில் சாக்கைச் சுத்திக்கொண்டு நிற்கிறவன் யார் என்று காண்ட்ராக்டருக்குத் தெரியும். மேற்பார்வைக்கு வருகிற அதிகாரிக்குத் தெரியும். சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றி வேடிக்கை பார்க்கிற ஊர்க்காரனுக்கும் தெரியும். பதில் தெரிந்த கேள்வியை எவன் கேட்பான்?

எங்கள் காலனி மேல்சித்தாமூருக்குப் பக்கத்தில் இருக்கிறது, செஞ்சி வட்டம். காலனியின் பெயரை எழுதவில்லை. எழுதினால் யார் அந்த மேஸ்திரி, யார் அந்தக் காண்ட்ராக்டர் என்று ஆளாளுக்குத் தேட ஆரம்பிப்பார்கள். இந்தச் சண்டை ஒரு மேஸ்திரியோடு முடிகிற சண்டை இல்லை. மேல்சித்தாமூரைப் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். தமிழ்ச் சமணர்களின் ஜினகாஞ்சி மடம் அங்கேதான் இருக்கிறது. பார்சுவநாதர் கோயில், பாறையில் தீர்த்தங்கரர்களைச் செதுக்கிய மலைநாதர் கோயில் எல்லாம் அங்கேதான். வடக்கேயிருந்து திகம்பர முனிவர்கள் வெறுங்காலோடு நடந்தே வருவார்கள். கையில் மயில்பீலி இருக்கும். உட்காருகிற இடத்தில் எறும்பு, பூச்சி நசுங்கிவிடக்கூடாது என்று அந்தப் பீலியால் மெதுவாகத் தள்ளிவிட்டுத்தான் உட்காருவார்கள். சின்ன வயசில் அதைப் பார்த்துவிட்டு ஆயாவிடம் கேட்டேன். "பூச்சி பொட்டு சாவக்கூடாதுன்னு கூட்றாங்கடா. பெரிய மனசு" என்றாள்.

எங்கம்மாவும் ரோட்டைக் கூட்டுகிறவள்தான். தார் ஊற்றுவதற்கு முன்னால் ஜல்லி மேல் ஒரு பொட்டு மண், தூசி இருக்கக்கூடாது. இருந்தால் தார் பிடிக்காது, பொறுக்காக உரிந்து வந்துவிடும். அதனால் தொடப்பத்தால் கூட்டி, சாக்கால் அடித்து அடித்துத் தூசியை விரட்டவேண்டும். அது முழுக்கப் பெண்கள் வேலை. அவள் கூட்டிய ரோட்டில் அவள் காலை எங்கே வைக்கிறாள் என்று யாரும் குனிந்து பார்த்ததில்லை. மடத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, அந்த அறத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. எறும்புக்கு வழிவிடத் தெரிந்த மண்ணிலேயே மனுஷனுக்கு இந்த வேலை இருந்தது, இருக்கிறது. அதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

இப்போது முன்பணத்துக்கு வருகிறேன். நம் தோழரின் பேச்சில் அந்த வார்த்தை ஒரு தடவை கூட வரவில்லை.

எங்கள் தாத்தா படியாள். வருஷத்துக்கு இவ்வளவு நெல் என்று பேச்சு. நெல் விளையாத வருஷம் பேச்சும் இல்லை. மல்லாட்டை பிடுங்கப் போனால் மடியில் கட்டிக்கொண்டு வருகிற ரெண்டு பிடிக்கும் கணக்கு கேட்பார்கள். தாத்தா பட்ட கடன் அப்பா தலையில் விழுந்தது. "இனிமே எவன் வாசல்லயும் கூழுக்கு நிக்கமாட்டன்" என்று அப்பா கிளம்பியது 1980களின் தொடக்கத்தில். இதைத்தான் நம் தோழர் 'உதறிவிட்டுப் போவது' என்கிறார். எப்படி உதறினார் என்று யாராவது கேட்டார்களா? பண்ணைக் கடனைக் கட்டாமல் ஊரை விட்டுக் காலடி எடுத்துவைக்க முடியாது. கட்டக் காசு வேண்டும். அந்தக் காசைக் கொடுத்தவர் தார் ரோட்டு மேஸ்திரி. 700 ரூபாய். அதை வாங்கிப் பண்ணைக்காரர் கையில் கொடுத்துவிட்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு லாரி ஏறினார். கடன் அப்படியே இருந்தது. கொடுத்தவன் மட்டும்தான் மாறினான்.

தை பிறந்தால் மேஸ்திரி காலனிக்கு வருவார். வெள்ளை வேட்டி, கையில் நீளமான கணக்கு நோட்டு. அவர் ஊர்க்காரர் இல்லை. நம்ம ஆள்தான், அப்பாவுக்கு மச்சான் முறை. இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். காண்ட்ராக்டர் எந்தக் காலத்திலும் எங்கள் காலனிக்குள் வந்ததில்லை. வரவேண்டிய அவசியம் இல்லை. அவர் காசு மேஸ்திரியின் கைவழியாக, சொந்தம் என்ற பெயரில் உள்ளே வந்துவிடும். ஜோடிக்கு இவ்வளவு என்று முன்பணம். புருஷன் பெண்டாட்டி சேர்ந்தால் ஒரு ஜோடி. தனி ஆணுக்குக் குறைவு, தனிப் பெண்ணைச் செட்டில் சேர்க்கவே மாட்டார்கள். நோட்டில் அப்பா பெயர்தான் இருக்கும். அம்மாவுக்குப் பெயர் கிடையாது, 'ஜோடி' என்ற சொல்லுக்குள் அவள் கூலி போய்விட்டது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று 1976இல் இந்த நாட்டில் சட்டம் வந்தது. எங்கள் செட்டில் அதைப்பற்றி யாரும் கேள்விப்பட்டதில்லை. அம்மாவே கேள்விப்பட்டதில்லை.

வந்தவாசி, சேத்துப்பட்டு, ஓசூர், கோலார், சித்தூர் என்று எங்கே வேலையோ அங்கே லாரி இறக்கிவிடும். வாராவாரம் செலவுக்காசு கொடுப்பார்கள். அரிசி, உப்பு, மிளகாய் வாங்கினால் சரியாகப் போகும். ஒழுங்கான கணக்கு மழைக்காலத்தில்தான். ஐப்பசி மழை பிடித்தால் தார் வேலை நின்றுவிடும், ஈர ரோட்டில் தார் நிற்காது. அப்போது நோட்டைப் பிரித்துக் கூட்டுவார்கள். வேலை செய்த நாள், வேலை இல்லாத நாள், செலவுக்காசு, லாரி வாடகை, தீபாவளிக்குக் கொடுத்த வேட்டி புடவை எல்லாம் போக, கழியவேண்டிய முன்பணம் கழிந்திருக்காது. மழை மூன்று மாதத்துக்குச் சாப்பிட மறுபடியும் அதே மேஸ்திரியிடம் வாங்கவேண்டும். அப்புறம் தை பிறக்கும். 700 ரூபாயில் ஆரம்பித்த அப்பாவின் கணக்கு, தென்னார்க்காட்டைப் பிரித்து விழுப்புரத்தை மாவட்டமாக்கிய 1993இல் 4,300 ரூபாயில் நின்றது. பத்து வருஷத்துக்கு மேல் ரெண்டு பேர் உழைத்து, கடன் ஆறு மடங்கு.

இந்த வேலையை மேடையில் பேசுகிறவர்கள் கிட்டே போய்ப் பார்த்திருக்க மாட்டார்கள். அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் தார் டிரம்மில் வரும். டிரம்மை உருட்டிக்கொண்டுவந்து, மேல்தகட்டை வெட்டி, பாய்லர் மேல் சாய்த்து வைத்து விறகு போட்டு எரிப்பார்கள். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். தாரைக் கலக்குவதற்கு 150 டிகிரிக்கு மேல் போகவேண்டும். உருகின தாரைப் பூவாளியில் பிடித்து ஆண்கள் ரோட்டில் தெளித்துக்கொண்டே பின்பக்கமாக நடப்பார்கள். பின்னால் என்ன இருக்கிறது என்று திரும்பிப் பார்க்க முடியாது, பார்த்தால் தார் ஒரே இடத்தில் கொட்டிவிடும். சிப்ஸ் ஜல்லியையும் தாரையும் கலந்த கலவையைப் பெண்கள் பாண்டில் வாங்கித் தலைமேல் கொண்டுவந்து கொட்டுவார்கள். சும்மாடு புகையும். அதை இழுத்துச் சமப்படுத்துகிறவர்கள் அந்தச் சூட்டு மேலேயே நடக்கவேண்டும். ரோலர் வருவதற்குள் முடிக்கவேண்டும், ஆறிவிட்டால் படியாது. பூட்ஸ் எங்கே? நாலைந்து மடிப்பு கோணிச்சாக்கு, சைக்கிள் டியூப் போட்டுக் கட்டு, அடியில் லாரி டயரில் வெட்டின செருப்பு. இதுதான் பூட்ஸ்.

ராத்திரி மண்ணெண்ணெய் ஊற்றித்தான் கை கால் கழுவவேண்டும். சோத்தைப் பிசைந்தால் மண்ணெண்ணெய் வாசம், போர்த்திக்கொண்டால் தார் வாசம். பல வருஷம் வரைக்கும் அப்பாவின் வாசம் என்றால் எனக்கு அதுதான். குடும்பம் ரோட்டோரம் படுதாவுக்குக் கீழே. மூன்று கல் அடுப்பு. தண்ணிக்குப் பக்கத்து ஊருக்குப் போனால் பைப்படியில் குடத்தை வைக்க விடமாட்டார்கள். அவர்களே பிடித்து ஊற்றுவார்கள், குடத்தில் அவர்கள் கை படாமல். சாதி கேட்காத தார்ச்சாலை, தோழர் சொன்ன அதே தார்ச்சாலை! குழந்தைக்குப் புளியமரத்தில் தூளி. பெண்கள் இருட்டோடு எழுந்து ஒதுங்கிவிட்டு வரவேண்டும், விடிந்துவிட்டால் மறுபடி பொழுது சாய்கிற வரைக்கும் அடக்கிக்கொள்ளவேண்டும். அம்மா நாள் முழுக்கத் தண்ணி குடிக்காமல் இருந்தது அதனால்தான் என்று எனக்குக் கல்யாணம் ஆனபிறகுதான் விளங்கியது.

காலித் தார் டிரம்மை வெட்டித் தட்டி நிமிர்த்தினால் நல்ல தகடு. எங்கள் காலனியில் பாதி வீட்டுக்குக் கதவு அதுதான். வெயிலில் இளகி ஒட்டும், குழந்தைகள் சாய்ந்தால் சட்டை பிடித்துக்கொள்ளும். அந்தத் தகட்டில் இருந்த கம்பெனி எழுத்தைப் பார்த்துத்தான் நான் முதலில் எழுத்துக் கூட்டினேன்.

1992 என்று நினைவு. வெயில் காலம். பாய்லர் மேல் சாய்த்து வைத்திருந்த டிரம் சரிந்தது. அப்பாவின் இடது காலில் முழங்காலுக்குக் கீழே தார் பிடித்துக்கொண்டது. சாக்கு தாரைக் குடித்து அப்படியே தோலோடு ஒட்டிவிட்டது. தார் சுட்டால் பச்சைத்தண்ணியை நிறைய ஊற்றி ஆறவைத்து, பிய்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்கு யாருக்கும் தெரியாது. தெரிந்திருக்கவேண்டிய சூப்பர்வைசர் அங்கே இல்லை. சாக்கைப் பிடித்து இழுத்தார்கள். மேலே எழுத வேண்டாம். நான் அப்போது லீவுக்கு அங்கே போயிருந்தேன், மற்ற நாள் ஆயா வீட்டிலும் அப்புறம் அரசு ஹாஸ்டலிலும் இருந்து படித்தவன். அந்தச் சத்தம் என் காதில் இருக்கிறது.

இருபது நாள் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தார். காண்ட்ராக்டர் ஒருநாள் வந்து ஆப்பிள் கொடுத்துவிட்டுப் போனார். மருந்துச் செலவெல்லாம் அவர் பார்த்துக்கொண்டதாக மேஸ்திரி சொன்னார். அம்மா அவர் காலில் விழப்போனாள். அந்த ஐப்பசியில் நோட்டைப் பிரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. மருந்து, வாடகைக் காரு, அம்மா வேலைக்கு வராத இருபது நாளின் செலவுக்காசு, எல்லாம் முன்பணத்தில் ஏறியிருந்தது. அப்பா கேட்டார். "மச்சான், கணக்குன்னா கணக்கா இருக்கணும். நாளைக்கு மொதலாளி என்னத்தான கேப்பாரு" என்றார் மேஸ்திரி. ஆப்பிளுக்குக் கணக்கு எழுதினார்களா என்று தெரியவில்லை. அதையும் கேட்டிருக்கவேண்டும்.

அவன் வேலையில் வெந்த காலுக்கு அவனே கடன்காரன். பண்ணையில் கூட மாடு முட்டிவிட்டால் நாலு நாள் கூழ் ஊற்றுவார்கள், அதைக் கணக்கில் எழுதமாட்டார்கள் என்று ஆயா சொல்லுவாள். பண்ணை நல்லது என்று சொல்ல வரவில்லை. பண்ணையில் அடித்த சாட்டையை முதுகில் பார்க்கமுடியும். இங்கே அடி நோட்டில் விழுகிறது. நம் ஆட்கள் முதுகை மட்டும் பார்த்துவிட்டு, தழும்பு இல்லை, சாதி போய்விட்டது என்று எழுதுகிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? முன்பணம் வாங்கிய காரணத்தால் ஒருவன் வேறு இடத்துக்குப் போகவோ வேறு வேலை பார்க்கவோ முடியாமல் கட்டுப்பட்டாலும், குறைந்த கூலிக்கு உழைத்தாலும் அது கொத்தடிமைத்தனம் என்று 1976ஆம் வருஷத்துக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் சொல்கிறது. டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக ரோடும் மேம்பாலமும் மைதானமும் கட்டிய தொழிலாளர்கள் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதே அரசியல் சட்டத்தின் 23ஆவது பிரிவு தடை செய்த கட்டாய உழைப்புத்தான் என்று 1982இல் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அது மற்ற யாருக்கும் முன்னால் எங்களைப் பற்றிய தீர்ப்பு. ஆனால் கொத்தடிமை என்றால் நம் அதிகாரிகளுக்குச் செங்கல் சூளை, அரிசி ஆலை, பூட்டின கேட்டு. அங்கிருந்து இருளர் குடும்பங்களை மீட்டதைப் பேப்பரில் படித்திருக்கிறோம், மீட்டவர்களுக்கு வணக்கம். தார் ரோட்டுக்கு கேட்டு இல்லை. ரெண்டு பக்கமும் திறந்து கிடக்கிறது, வேணும்னா நடந்து போகவேண்டியதுதானே என்பார்கள். நோட்டில் பெயர் இருக்கிறவன் எங்கே நடந்து போவான்? போனால் காலனியில் இருக்கிற அவன் தம்பி ஜோடியைக் கேட்பார்கள்.

நல வாரியம் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். இருக்கிறது. கட்டுமானத் தொழிலாளர்கள் போராடிப் பெற்றது, தமிழ்நாட்டில் 1994இல் வந்தது. சாலை வேலையும் கட்டுமானம்தான் என்று 1996இன் மத்தியச் சட்டமும் ஒத்துக்கொண்டது. கட்டுமானச் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் தொழிலாளர் நலனுக்கு என்று பிடித்தார்கள். அப்படிப் பிடித்த பணம் நாடு முழுக்கச் செலவாகாமல் கிடப்பதை 2018இல் உச்சநீதிமன்றம் கண்டித்தது. எங்கள் செட்டில் அட்டை வாங்கியவர்கள் உண்டு. புதுப்பிக்கிற நாளில் அவர்கள் கோலாரில் இருப்பார்கள்.

இன்னொரு விஷயம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2011இல் கூடி, தார்ச்சாலை போடும்போது எழுகிற புகை புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது என்ற வரிசையில் வைத்தது. நிச்சயம் என்று சொல்லவில்லை, வாய்ப்பு என்றுதான் சொன்னது. கூரைக்குத் தார் பூசுகிறவர்களை இன்னும் ஆபத்தான வரிசையில் வைத்தது. பிரான்சில் தோல் புற்றுநோயில் இறந்துபோன ஒரு சாலைத் தொழிலாளியின் வழக்கில், தார்ப்புகையும் வெயிலும் சேர்ந்து தாக்குவதைத் தெரிந்தும் பாதுகாப்புத் தராத நிறுவனத்தின் குற்றம் மன்னிக்கமுடியாதது என்று 2010இல் ஒரு நீதிமன்றம் சொன்னது. செஞ்சி வெயிலில் நின்றுகொண்டு பிரான்சு வெயிலை நினைத்துப் பார்க்கிறேன். எங்கள் காலனியில் இருமி இருமிச் செத்தவர்களுக்கு டி.பி. என்று ஒரே பெயர்தான் உண்டு. எத்தனை பேருக்கு உண்மையில் டி.பி., எத்தனை பேருக்குப் பீடி, எத்தனை பேருக்குத் தார் என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. தாரோடு பிளாஸ்டிக் கழிவைக் கலந்து ரோடு போடும் முறையைக் கண்டுபிடித்த மதுரைப் பேராசிரியர் வாசுதேவனுக்கு 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நல்ல கண்டுபிடிப்பு, கொடுக்கவேண்டியதுதான். ரோட்டுக்குள்ளே என்ன போகிறது என்று ஆராய ஆள் இருக்கிறது. ரோடு போடுகிறவன் மூச்சுக்குள்ளே என்ன போகிறது என்பதற்குத்தான் ஆள் இல்லை.

ரோடு எங்களுக்குப் புதுசு இல்லை. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் இந்த மாகாணமே சுடுகாடானபோது வெள்ளைக்காரன் நிவாரணம் என்ற பெயரில் ஜல்லி உடைக்கவும் ரோடு போடவும் கூப்பிட்டான். சும்மா சோறு போட்டால் ஜனம் கெட்டுவிடும் என்பது அவன் வாதம். 1877இல் ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி வந்து கூலியை ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், ஒரு அணா என்று குறைத்தான். குச்சிபோன்ற கைகால்களோடு ஜல்லி உடைத்து உடைத்துச் செத்தவர்களில் நிலமில்லாத சாதிகள்தான் அதிகம். இன்றைக்கு நாம் பஸ்சில் போகிற எந்தெந்த ரோட்டுக்கு அடியில் அந்த ஜல்லி கிடக்கிறதோ.

அதே ரோட்டில் நடக்க உரிமை கேட்டு நாம் போராடவேண்டி இருந்தது. வைக்கத்தில் 1924இல் நடந்த சண்டை கோயிலுக்குள் போக அல்ல, கோயிலைச் சுற்றின தெருவில் நடக்க. பெரியார் ஜெயிலுக்குப் போனார். 1925 ஒப்பந்தத்திலும் மூன்று பக்கத் தெருதான் திறந்தது, கிழக்குத் தெரு திறக்கவில்லை. அதே 1924இல் சென்னைச் சட்டசபையில் எந்தப் பொதுச்சாலையிலும் எந்தச் சாதிக்காரரும் நடக்கலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தவர் நம் இரட்டைமலை சீனிவாசன். இந்த வரலாற்றை நாம் பெருமையோடு எழுதுகிறோம், எழுதவேண்டும். ஆனால் தெருவில் நடக்கிற உரிமையோடு நம் எழுத்து நின்றுவிட்டது. நடக்கிற கால் பற்றி நூறு கட்டுரை உண்டு. ரோடு போட்டு வெந்த கால் பற்றி எத்தனை? நடப்பது உரிமைப் பிரச்சினை, போடுவது கூலிப் பிரச்சினை, அதைத் தொழிற்சங்கம் பார்த்துக்கொள்ளும் என்று பங்கு பிரித்துவிட்டோம். தொழிற்சங்கத் தோழர்களோ அது சாதிப் பிரச்சினை, தலித் இயக்கம் பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். ரெண்டு பேரும் பார்த்துக்கொள்ளாத இடத்தில் எங்கள் செட்டு நின்றுகொண்டிருந்தது.

கிராமம் பற்றி அம்பேத்கர் 1948இல் அரசியல் நிர்ணய சபையில் சொன்னதில் எனக்கு ஒரு எழுத்து கூட மறுப்பு இல்லை. அந்தக் கொட்டடியிலிருந்து வெளியே வரத்தான் வேண்டும். ஆனால் எந்தக் கதவு வழியாக, யார் காசில் வெளியே வருகிறோம் என்று பார்க்காமல், வந்தாலே விடுதலை என்பது சோம்பேறித்தனம். நான் வெளியே வந்தது ஹாஸ்டல் சோறு வழியாக. என் கூட ஓடிப்பிடித்து விளையாடினவன் அதே வருஷம் வெளியே போனது மேஸ்திரியின் லாரி வழியாக. ரெண்டையும் ஒரே கணக்கில் 'இடப்பெயர்வு' என்று எழுதினால் எனக்கு வேண்டுமானால் பெருமை. அவனுக்கு என்ன?

நம் வீட்டுக்குள்ளேயும் பேசவேண்டியது இருக்கிறது. அந்த மேஸ்திரியை நான் வில்லன் ஆக்கவில்லை. அவரும் காண்ட்ராக்டரிடம் கையெழுத்துப் போட்டவர்தான், ஆள் ஓடினால் அவர் வீட்டுப் பாத்திரம் போகும். ஆனால் அவர் மாடி கட்டினார். அதே சாதி, அதே சேரி, அதே முறை. 'நம்ம ஆளு' என்ற சொல்லுக்குள் எத்தனை ஜோடிகளின் கூலி ஒளிந்திருக்கிறது என்று பேச நம் இயக்கங்கள் கூச்சப்படுகின்றன. தேர்தலுக்கு அவர்தான் செலவு செய்கிறார், அதனால் கூச்சம். எங்கள் காலனியில் அம்பேத்கர் பிறந்தநாளுக்குப் பந்தல் போட்டுக்கொடுத்தவரும் அவர்தான்.

இன்னொன்று இதைவிடக் கசப்பு. இப்போது பெரிய ரோடுகளில் பேவர் மிஷின் வந்துவிட்டது. கலவை பிளாண்டிலிருந்து டிப்பரில் வருகிறது, மிஷின் விரித்துக்கொண்டே போகிறது. மிஷின் வந்ததால் சாக்குக் கால் போய்விட்டது என்றும் அந்தத் தோழர் சொன்னார். திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகப் போகிற ரோடு பல வருஷம் பாதி வேலையில் தோண்டிப்போட்டபடி கிடந்து ஒருவழியாக முடிந்ததே, அந்த வேலை நடந்தபோது பஸ்சிலிருந்து பார்த்தேன். மிஷினுக்கு முன்னால் கூட்டுகிறவர்கள் மனுஷர்கள்தான். மிஷினுக்குப் பின்னால் ஓரத்தில் இழுத்துச் சமப்படுத்துகிறவனும் மனுஷன்தான். சூட்டு மேல்தான் நடக்கிறான். சிலருக்கு பூட்ஸ் இருந்தது, சிலருக்கு ரப்பர் செருப்பு. கிராமத்து ரோட்டுக்கு மிஷினும் வருவதில்லை. மாறியது என்ன என்றால், இழுக்கிறவன் பேசுகிற பாஷை. இந்தி பேசுகிற, ஒடியா பேசுகிற பையன்கள். எங்கள் காலனிப் பையன்கள் டீக்கடையில் சொல்கிறார்கள்: "இந்திக்காரன் வந்து நம்ம பொழப்பக் கெடுத்துட்டான்ணே." நான் கேட்டேன்: "அவனுக்கு எவ்ளோ முன்பணம் குடுத்துக் கூட்டியாந்தாங்கன்னு தெரியுமாடா?" தெரியாது என்றார்கள். "அவன் இன்னா சாதின்னு கேட்டீங்களா?" ஒருத்தன் சிரித்தான். "அதெல்லாம் எதுக்குண்ணே கேக்கணும், பாத்தாலே தெரியுதே" என்றான்.

அவன் சிரித்தது விளையாட்டுக்குத்தான். ஆனால் பஸ்சிலிருந்து எங்கப்பாவைப் பார்த்தவர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது. அந்தப் பையன்களின் நோட்டைப் பிரித்துப் பார்க்காமல் நாம் எழுதுகிற தலித் அரசியல் செஞ்சியைத் தாண்டாது. நிருபர்கள், மாணவர்கள், நம் எழுத்தாளர்கள் ரோட்டோரம் படுதா போட்டிருக்கிற இடத்தில் ஒரு தடவை வண்டியை நிறுத்துங்கள். இந்தி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. நோட்டு எங்கே இருக்கிறது, அதில் யார் பெயர் இருக்கிறது, பெண் பெயர் தனியாக இருக்கிறதா என்று கேளுங்கள். எழுதி அனுப்புங்கள். ஒரு கொத்தடிமை மனு எழுத ஒரு வெள்ளைத்தாள் போதும். கலெக்டருக்கும் ஆர்.டி.ஓ.வுக்கும் அதை விசாரிக்கிற பொறுப்பு உண்டு.

அப்பாவுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. இடது காலில் முடி இல்லை, தோல் தகடு மாதிரி பளபளக்கும், வெயிலில் உட்கார்ந்தால் அரிக்கும். அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. அப்பாவின் முன்பணக் கணக்கை 1996இல் நான் முதல் சம்பளம் வாங்கி மூன்று தவணையில் அடைத்தேன். மேஸ்திரி ரசீது கொடுக்கவில்லை, நோட்டில் ஒரு கோடு இழுத்தார்.

முந்தின வருஷம்தான் எங்கள் காலனிக்குள் தார் ரோடு வந்தது. அதுவரைக்கும் ஊர்த்தெருவோடு ரோடு நின்றுவிடும், அப்புறம் செம்மண். எத்தனையோ ஊருக்கு ரோடு போட்ட காலனி. ரெண்டு நாளில் போட்டு முடித்தார்கள். போட்டவர்கள் எந்த ஊர் என்று தெரியவில்லை, இரண்டு ஜோடி, ஒரு கைக்குழந்தை. அப்பா அந்த ரெண்டு நாளும் கட்டிலை வாசலில் போட்டுக்கொண்டு பார்த்தார். அந்தப் பெண்ணுக்குக் குடத்தில் தண்ணி எடுத்துக்கொடுக்கச் சொல்லி என் பெண்டாட்டியை விரட்டிக்கொண்டே இருந்தார். அவர்கள் போனபிறகு சாயங்காலம் எழுந்து தடியை ஊன்றிக்கொண்டு ரோட்டு ஓரத்துக்குப் போனார். கட்டைவிரலால் விளிம்பை நெம்பினார். அப்பம் மாதிரி ஒரு துண்டு பெயர்ந்து வந்தது. கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார், முகர்ந்தார்.

"இருபது மில்லி இருக்கணும். பாதி கூட இல்ல" என்றார். "அடியில மண்ணு அப்படியே கீது. கூட்டவே உடல அந்தப் பொண்ண."